மூன்று பாடத்துக்கும் ஒரே பெறுபேறு

"முந்திரிய முழுசாப் போடு. உங்க வீட்டுல மாதிரி தட்டித் தூளாக்கிடாத. இன்னைக்குப் பாயசம் குடிக்கப் போறவங்கல்லாம் பெரிய மனுசங்க."

சண்முகவடிவு இதைச் சொல்லிவிட்டு, மருமகள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஒரு கணம் நின்று பார்த்தாள்.

ஜெயந்தினி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. முந்திரியையே பார்க்காத வீட்டிலிருந்து வந்தவள் என்று மருமகளை நினைத்துக்கொள்வதில் மாமியாருக்கு ஒரு சுகம். அதைக் கெடுப்பானேன்? மதிக்கிற ஆளிடம்தானே மல்லுக்கட்ட வேண்டும்.

பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கி, சுமனைக் கட்டிக்கொண்டு நுவரெலியாவில் இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். சுமனின் அப்பா கண்டாக்காக இருந்தவர். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிற ஆட்களை மேய்க்கிற உத்தியோகம். அவர் கண்மூடி வருடங்கள் ஆகியும், அந்த உத்தியோகத்தை அவர் மனைவி விடாமல் வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுமன் வாய் பேசாத பிள்ளை. சாரல் அறக்கட்டளை நடத்துகிற பாடசாலையில் கணித ஆசிரியர். போன வருடம்தான் வேலை கிடைத்தது. அவனுடைய அண்ணன் கிஷாந்த் அவனுக்கும் சேர்த்துப் பேசுவான். கடைத்தெருவில் ஒரு மாடியறையை எடுத்து, கண்ணாடிக் கதவு போட்டு, கம்ப்யூட்டர் கொம்பனி என்று பலகை மாட்டியிருந்தான். ஜெயந்தினிக்கு அங்கேதான் வேலை. அண்ணன் இணையத்தில் எங்கெங்கோ வெட்டிக் கொண்டுவந்து ஒட்டுவதையெல்லாம் எப்படியாவது ஓடவைக்க வேண்டும். ஓடினால் அது கிஷாந்தின் மூளை. ஓடாவிட்டால் "ஜெயந்தி எதையோ தொட்டுட்டா."

அந்த வீட்டில் இன்று திருவிழா. உயர்தரம் பாஸான மலையகப் பிள்ளை ஒருவரை அறக்கட்டளை தாதியர் பட்டப் படிப்புக்கு அனுப்புகிறது. இருப்பது ஒரே ஒரு இடம். அந்த இடம் கிஷாந்தின் தங்கச்சி தனுஜாவுக்கு! பின்னேரம் மண்டபத்தில் மாலை போட்டு அறிவிக்கப் போகிறார்கள்.

இதே இடத்துக்கு ஜெயந்தினியின் தங்கை நிஷாந்தியும் விண்ணப்பித்திருந்தாள்.

அடுப்படியில் போன் அடித்தது. நிஷாந்திதான்.

"அக்கா, பதில் வந்திருக்கு. கிடைக்கலையாம்."

"சரி விடு. தனுஜாவுக்குன்னு இங்க நேத்தே தெரியும்."

"அதுக்குப் போன் எடுக்கலக்கா. அதுல என்னோட ரிசல்ட்ட மூணும் S-ன்னு, வெறும் பாஸ்னு போட்டிருக்காங்க. நான் உயிரியல் A, இரசாயனம் B, பௌதிகம் S-ன்னுதானே போட்டேன்? அக்கா, நான் தப்பாப் போட்டுட்டேனா?"

ஜெயந்தினி கரண்டியைக் கீழே வைத்தாள்.

அந்த விண்ணப்பப் படிவத்தைச் செய்தது கிஷாந்தின் கொம்பனி.

"தங்கச்சியா?" என்று சண்முகவடிவு எட்டிப் பார்த்தாள். "மூணும் S-ன்னு காதுல விழுந்துச்சு. என்ன பண்றது, அங்க இருக்கிற வெளிச்சத்துல அவ்வளவுதான் படிக்க முடியும். எங்க தனுஜாவப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பா."

தனுஜாவின் பெறுபேறு பௌதிகம் S, இரசாயனம் S, உயிரியல் A. இது அந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். அப்படியிருந்தும் எப்படி எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நம் பிள்ளையை எடுத்தால் அது நியாயம்தானே!

"பாயசத்தைப் பாத்துக்குங்க அத்தை" என்று சொல்லிவிட்டு ஜெயந்தினி குடையை எடுத்தாள்.

கடைத்தெருவில் பனி இன்னும் விலகவில்லை. லீக்ஸ் மூட்டை ஏற்றிய லொறிகளுக்கு நடுவே புகுந்து மாடியேறினாள். கிஷாந்த் கண்ணாடிக் கதவில் தன் நிழலைப் பார்த்து விழாவில் பேசப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். "தொழில்நுட்பம் என்பது ஒரு தவம்..."

அவள் அவனைத் தாண்டிப் போய், விண்ணப்பங்கள் சேர்ந்திருந்த பட்டியலைத் திறந்தாள்.

டயகமவில் ஒரு பிள்ளை, மூன்றும் C. அகரப்பத்தனையில் ஒரு பையன், மூன்றும் S. ஹட்டனில் ஒருத்தி, மூன்றும் B. கீழே போகப் போக, ஒருவர்கூட வேறுபடவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல.

"அத்தான், கொஞ்சம் வந்து பாருங்க. நம்ம மலையில அத்தனை புள்ளையும் மூணு பாடத்துலயும் ஒரே பெறுபேறு எடுத்திருக்கு. பரீட்சை வச்சவங்களுக்கே தெரியாத அதிசயம்."

"இன்னைக்குத்தானா இதெல்லாம்?"

"அப்பவே சொன்னேன். சேமிச்ச ஃபோமைத் திரும்பத் தொறந்தா ஐடி மோதும்னு."

"ஒவ்வொரு வரிக்கும் தனி நம்பர் வேணும்னு சொன்ன. போட்டேன்ல?"

"முதல் தடவை நிரப்புறப்ப மட்டும் போட்டீங்க. சேமிச்சிட்டு, போட்டோ இணைக்கத் திரும்ப வர்றாங்கள்ல, அப்ப மூணு வரியையும் மறுபடி இறக்குறீங்க. மூணுக்கும் ஒண்ணாம் நம்பர். கம்ப்யூட்டருக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"லேசாச் சொல்லு."

"கொழுந்து நிறுக்கிற எடத்துல மூணு பேருக்கு ஒரே நம்பர் குடுத்தா? முதல் ஆளுக்கு எழுதினதை அழிச்சிட்டு அதே எடத்துல ரெண்டாவது. அதையும் அழிச்சிட்டு மூணாவது. கடைசியா நிறுத்த எடைதான் மூணு பேருக்கும். இங்க கடைசியாப் போட்ட பாடத்தோட பெறுபேறு மத்த ரெண்டையும் தின்னுடுச்சு. நிஷாந்தி கடைசியாப் போட்டது S. அதனால மூணும் S."

கிஷாந்த் தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாக, "தனுஜா கடைசியா எதைப் போட்டா?" என்றான்.

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். தனுஜாவின் பெயருக்கு நேரே மூன்று A.

வெட்கப்படுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். ஒரு நிமிடமாவது. ஆனால் அவன் முகத்தில் வந்தது நிம்மதி. பின்னால் திரும்பிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

"இது நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாதுல்ல?"

தெருவில் எதையோ மிதித்துவிட்டுக் காலைப் பார்ப்பதுபோல அவள் அவனைப் பார்த்தாள்.

"பாஸ்வேர்டைக் குடுங்க அத்தான். ஃபோமைத் திருத்தணும். எல்லாப் புள்ளைங்களும் மறுபடி நிரப்பட்டும்."

"விழா முடியட்டும்."

"முடிஞ்சா இடம் போயிரும். நாளைக்குத் தனுஜாகிட்ட சான்றிதழ் கேப்பாங்க. அப்ப?"

"அப்பப் பாத்துக்கலாம். இந்தா பாரு ஜெயந்தி, உன் தங்கச்சிக்குக் கிடைக்கலங்கிற வயித்தெரிச்சல்ல எங்க வீட்டுப் புள்ளையோட வாழ்க்கையில கை வைக்காத. லயத்துலேருந்து வந்த உன்னை உக்கார வச்சு வேலை குடுத்திருக்கேன்."

உட்கார வைத்த வேலையை நின்றுகொண்டே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவளுக்கு உள்ளே ஒன்று உறுத்தியது. படிவம் வெளியாவதற்கு முன்பே ஒரு தடவை சொன்னாள். அவன் சிரித்தான். "கெட்டுப் போகட்டும், பட்டாத்தான் புத்தி வரும்" என்று அதோடு விட்டுவிட்டாள். கெட்டது அவன் இல்லை. டயகமவிலும் ஹட்டனிலும் முகம் தெரியாத பிள்ளைகள்.

விழாவுக்குக் கூட்டிப்போக வேன் கொண்டுவந்த சுமனிடம் மாடிப்படியிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். கேட்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"நாளைக்குப் பேசிக்கலாம் ஜெயந்தி. இன்னைக்கு அம்மா ரொம்ப சந்தோசமா இருக்காங்க."

"உங்கம்மா சந்தோசத்துக்கு எத்தனை புள்ளைங்களக் குடுக்கணும்?"

அவன் வேன் சாவியைப் பார்த்தான். பதில் அதில் எழுதியிருப்பதுபோல.

மண்டபத்தில் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. தனுஜா மேடைக்குக் கீழே முதல் வரிசையில், கத்தரிப்பூ நிறச் சேலையில், பக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அறக்கட்டளைத் தலைவர் பரமலிங்கம் பக்கத்து அறையில் கோப்புகளோடு இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். ஜெயந்தினி நேரே உள்ளே போனாள்.

அவள் சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன பிள்ளை சொல்லுறீங்கள்? எல்லாற்றையும் பிழையோ?"

"எல்லாருதும் சேர். பாருங்க, ஒவ்வொருத்தருக்கும் மூணும் ஒண்ணுதான்."

"நானும் பாத்தனான். இந்தக் காலத்துப் பிள்ளையள் அப்பிடித்தான் எடுக்கினமாக்கும் எண்டு விட்டிட்டன்."

அதிபராக இருந்தவர்! ஜெயந்தினி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கிஷாந்தைக் கூப்பிட்டு அனுப்பினார். சுமனும் கூட வந்தான். விசயத்தைக் கேட்டதும் கிஷாந்தின் முகம் ஒரு நொடி வெளுத்தது. அவ்வளவுதான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கோட்டு நுனியை இழுத்துவிட்டு, ஒத்திகை பார்த்த அதே குரலில் ஆரம்பித்தான்.

"சேர், சொல்லவே சங்கடமா இருக்கு. அந்த ஃபோமைச் செஞ்சதே ஜெயந்திதான். வீட்டு ஆளாச்சேன்னு நம்பி முழுசா ஒப்படைச்சிருந்தேன். இப்ப தங்கச்சிக்குக் கிடைக்கலன்னதும் பிழைன்னு வந்து நிக்குது."

பரமலிங்கம் அவளைப் பார்த்தார். பிறகு சுமனைப் பார்த்தார்.

"சுமன், நீர் எங்கட ஆசிரியர். உம்மட சொல்லை நான் நம்புவன். ஆர் செய்தது?"

சுமன் அண்ணனைப் பார்த்தான். திறந்த கதவு வழியே தெரிந்த அம்மாவின் தலைப் பூவைப் பார்த்தான். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

"ஜெயந்திதான் சேர்" என்றான்.

இவனை நம்பித்தான் ஒரு நாள் அவள் தன் அம்மாவின் அழுகையை மீறி வந்தாள். இவன் குரல் மெல்லியது, அதனால் மனசும் மென்மை என்று நினைத்திருந்தாள். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! கண் கலங்கும்போல இருந்தது. இந்த மூன்று பேருக்கு முன்னால் கலங்குவதைவிடக் கேவலம் வேறில்லை என்று தோன்றவும், அது தானாக நின்றது.

"சரி சேர்" என்றாள். "என்னோடதுன்னே வச்சுக்குங்க. அப்ப அதைத் திருத்துற உரிமையும் எனக்குத்தானே? இப்பவே, இங்கேயே திருத்தித் தர்றேன். அத்தான், பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

கிஷாந்த் விழித்தான்.

"நான் செஞ்ச ஃபோமுக்கு உங்ககிட்ட மட்டும்தான் பாஸ்வேர்ட் இருக்கு. அது ஏன்னு சேர் கேக்குறதுக்கு முன்னாடி சொல்லிருங்க."

பரமலிங்கத்தின் புருவம் மேலே ஏறியது. கிஷாந்த் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் தள்ளினான். கையில் கொடுக்கவில்லை. அதில் அவன் பெயரும் அவனுடைய மோட்டார் சைக்கிள் நம்பரும்தான் இருந்தன. ஐந்து வயதுப் பிள்ளைகூட இதைவிட நல்லதாக யோசித்திருக்கும்.

அவள் பரமலிங்கத்தின் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள்.

வெட்டி ஒட்டிய குப்பை. ஒட்டிய இடத்தில் வேறு எவனோ எழுதி வைத்த குறிப்புகளைக்கூட அத்தான் அழிக்காமல் விட்டிருந்தார். அவள் வேலையைப் பார்த்தாள். சேமித்த படிவம் திறக்கும்போது, முதலில் பழைய வரிகள் அத்தனையும் துடைத்து எடுக்கப்பட வேண்டும். பிறகே புதிதாக இறங்க வேண்டும். இறங்குகிற ஒவ்வொரு வரிக்கும் வேறெதற்கும் இல்லாத எண். நடுவில் ஒரு வரியை அழித்தாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. எண்ணிக்கை முன்னால்தான் போகும், திரும்பி ஒன்றுக்கு வராது. சேமிக்கும்போது அந்தந்த வரியின் பெட்டியை அந்தந்த எண்ணாலேயே தேடி எடுக்க வேண்டும்.

ஒரு பொய்ப் பெயர் போட்டு A, B, S என்று நிரப்பினாள். சேமித்தாள். மூடித் திறந்தாள். A, B, S. நடு வரியை அழித்து, புதிதாகச் சேர்த்து, மறுபடி மூடித் திறந்தாள். எதுவும் எதையும் தின்னவில்லை.

"இவ்வளவுதானோ?" என்றார் பரமலிங்கம்.

"இவ்வளவுதான் சேர். இதைச் செய்யத்தான் ஆளில்லை."

அவர் மண்டபத்துக்குப் போய் மைக்கைப் பிடித்தார். தெரிவில் பிழை நேர்ந்துவிட்டது, எல்லாரும் மறுபடி நிரப்ப வேண்டும், இந்த முறை சான்றிதழையும் இணைக்க வேண்டும், இன்று அறிவிப்பு இல்லை என்றார். சலசலப்பு எழுந்தது. சண்முகவடிவு எழுந்து நின்றேவிட்டாள். மருமகளைக் கண்டதும் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நீதானே? லயத்துப் புத்தியக் காட்டிட்டேல்ல? வயித்தெரிச்சல் புடிச்சவளே, எம்புள்ளைக்குப் போட இருந்த மாலையைப் புடுங்கிட்டியே!"

"அம்மா, சும்மா இருங்க" என்றது ஒரு குரல். தனுஜா.

அவள் ஜெயந்தினிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண் மை கலைந்திருந்தது.

"நான் பாத்தேன் அண்ணி. போட்டோ போட்டு அனுப்பினப்புறம் ஒரு தடவை தொறந்து பாத்தப்ப மூணும் A-ன்னு இருந்துச்சு. அண்ணன்தான் எனக்காக ஏதோ செஞ்சிருக்குன்னு நெனச்சேன். பேசாம இருந்துட்டேன்."

"உங்க அண்ணனுக்கு அந்த அளவு தெரிஞ்சிருந்தா ஃபோமே ஒழுங்கா வந்திருக்கும்" என்றாள் ஜெயந்தினி.

தனுஜாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்து, அம்மா முறைக்க முறைக்க, அங்கேயே உட்கார்ந்து பௌதிகம் S, இரசாயனம் S, உயிரியல் A என்று நிரப்பி அனுப்பினாள். இந்தப் பெண்ணை இத்தனை நாள் அலங்காரப் பொம்மை என்று ஒதுக்கி வைத்திருந்தோமே என்று ஜெயந்தினிக்குச் சின்னதாக ஒரு கூச்சம் வந்தது.

நிஷாந்திக்குப் போன் போட்டாள். "நீ தப்பா ஒண்ணும் போடலடி. சான்றிதழை எடுத்து வை. நான் அங்க வர்றேன்."

புறப்படும்போது பரமலிங்கம் வாசல் வரை வந்தார்.

"பிள்ளை, இன்னொரு விசயம். உங்கட கொம்பனி போன வருசமும் எங்களுக்கு ஒரு ஃபோம் செய்து தந்தது. ஆசிரியர் எடுக்கிறதுக்கு. அதுக்கும் இதே வருத்தம், இதே பிழை இருக்குமோ? ஒருக்காத் திறந்து பாத்துச் சொல்லுங்கோ."

"பாக்குறேன் சேர்" என்றாள் அவள், வேறு யோசனையில்.

பஸ் நிலையத்தில் மழை பிடித்துக்கொண்டது. பூண்டுலோயா பஸ் இன்ஜினை உறுமவிட்டு நின்றது. அவள் படியில் ஒரு காலை வைத்தபோது பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். சுமன். குடை இல்லை. மூச்சு வாங்கியது.

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான். அதற்கு என்ன சொல்வது என்று அவள் மண்டபத்திலேயே யோசித்து வைத்திருந்தாள். ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்காத பதில்.

"ஜெயந்தி, அந்த ஆசிரியர் ஃபோமைத் தொறக்காத."

யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ஏன்?"

அவன் நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

"உங்க பெறுபேறு என்ன சுமன்?"

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பூண்டுலோயா, பூண்டுலோயா, ஏறுங்க தங்கச்சி" என்று கண்டக்டர் பலகையைத் தட்டினார். பஸ் அசையத் தொடங்கியது. சுமன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

"வேற எதை வேணும்னாலும் கேளு ஜெயந்தி" என்றான். "கணக்கு மட்டும் கேக்காத."